ஆய்வு முறை கற்க மூன்றாம் அத்தியாயத்தில் தொடங்குங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆசிரியர் வேலையோடு கல்வியியலில் பிஎச்.டி. செய்பவர்களுக்கு ஒரு யோசனை. முறையியல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பதற்கு முன்னால் சோத்கங்கா தளத்துக்குப் போங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே இலவசம். பெரும்பாலும் அத்தியாயவாரியாகத் தனித்தனிக் கோப்பாக இருக்கும். உங்கள் தலைப்பை ஒட்டிய நாலைந்து ஆய்வேடுகளில் முறையியல் அத்தியாயத்தை மட்டும், வழக்கமாக அது மூன்றாவது, இறக்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றிலும் இதைத் தேடுங்கள்: ஆய்வுக்கு யாரை, எத்தனை பேரை, எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், ஏன்? அந்த 'ஏன்' விடுபட்ட இடங்களில் நீங்களே காரணம் எழுதிப் பாருங்கள். நிஜமான பயிற்சி அதுதான்.

மாதிரி அளவுக்கு, அதாவது எத்தனை பேரை எடுப்பது என்பதற்கு, கிரெஜ்சி, மார்கன் என்ற ஆய்வாளர்கள் 1970இல் தந்த அட்டவணையைப் பலர் அப்படியே எடுத்து வைக்கிறார்கள். மொத்தம் 1000 பேர் இருந்தால் 278 பேரை எடுங்கள் என்று அது சொல்லும். ஆனால் அது எளிய சமவாய்ப்பு மாதிரிக்கானது, அதாவது மொத்தப் பட்டியலிலிருந்து குலுக்கல் போல ஒவ்வொருவராக எடுப்பதற்கானது. பள்ளி பள்ளியாக மாணவர்களை எடுத்தால், ஒரே பள்ளிப் பிள்ளைகளின் பதில்கள் ஒன்றுபோல இருக்க வாய்ப்பு அதிகம். அந்த எண் போதாமல் போகலாம். வழிகாட்டியிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம், மாணவர்களிடம் தகவல் திரட்டும் வினாநிரல். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. முதன்மை ஆய்வில் சேராத ஒரு பள்ளியில் சிலரை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் என்ன புரிந்தது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கேள்விகளுக்கான பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்பா, போதுமானதாக வழக்கமாகக் கொள்ளப்படும் 0.7ஐத் தாண்டினாலும், எல்லோரும் ஒரே மாதிரி தவறாகப் புரிந்துகொண்டிருக்க முடியும்.

பள்ளிகளுக்குள் போக அனுமதி கேட்டு முதன்மைக் கல்வி அலுவலகத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்கள் வேண்டாம்.