ஆறு கொம்பு ரவுட்டரும் என் 200 எம்பிபிஎஸ்ஸும்

200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்) இன்டர்நெட் திட்டத்துக்குப் பணம் கட்டியும் வேகம் 94-ஐத் தாண்டவே இல்லை. இணைப்பு கொடுத்தவர்களைத் திட்டித் தீர்த்த பிறகுதான் பழைய வைஃபை ரவுட்டரைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த தாளில் பொடி எழுத்தில் '10/100'. அதாவது, கேபிள் செருகும் போர்ட் எல்லாமே 100 எம்பிபிஎஸ்ஸோடு சரி. திருடன் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறான்!

கடையில் ஆறு ஆன்டெனா மாடல் ஒன்றை நீட்டி, "சார், வீடு முழுக்க அடிக்கும்" என்றார்கள். அட்டைப்பெட்டியைத் திருப்பினால் அதிலும் அதே 100 போர்ட். கொம்பை எண்ணி மாடு வாங்கலாம், ரவுட்டர் வாங்க முடியாது. ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் உள்ள, நான்கு ஆன்டெனா வைஃபை 6 ரவுட்டரை எடுத்துக்கொண்டேன்.

கீழே 190 வந்தது. மாடி அறையில் பழைய கதைதான். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் கான்கிரீட் தளத்தைத் துளைப்பதில் 2.4 கிகாஹெர்ட்ஸைவிட நோஞ்சான். நானோ ரவுட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். அப்புறம் பத்து மீட்டர் லேன் கேபிள் இழுத்து, மாடிப்படித் திருப்பத்தில் தலைக்கு மேலே ஆணியடித்து ரவுட்டரை மாட்டினேன். இப்போது மாடியில் 150 வருகிறது. சுவரோடு கேபிள் ஓடுவதுதான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.