இரண்டு நிற நூல், ஒரு கத்தரிக்கோல்: கலப்பினச் செடியின் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதைச் செய்து பார்ப்போம்

கடையில் வாங்கிய எஃப்1 (இரண்டு ரகங்களைக் கலந்து பெற்ற முதல் தலைமுறைக் கலப்பினம்) தக்காளி விதை மாடியில் அருமையாகக் காய்த்தது. அடுத்த முறைக்குச் செலவு மிச்சம் என்று அந்தப் பழத்திலிருந்தே விதை எடுத்துப் போட்டேன். வந்த பன்னிரண்டு செடிகளில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. ஒன்று கொடியாக ஓடியது, ஒன்று முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது, ஒன்றில் பழம் கோலிக்குண்டு அளவு. மாடித்தோட்டம் வைத்திருக்கும் பலருக்கும் இது நடந்திருக்கும்.

காரணம் அந்தக் கலப்பினச் செடியின் பூவுக்குள் இருக்கிறது. அங்கே மியாசிஸ் என்ற, குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிதல் நடக்கும்போது அம்மாவிடமிருந்து வந்த குரோமோசோமும் அப்பாவிடமிருந்து வந்த குரோமோசோமும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு பிரிகின்றன. அதனால் ஒவ்வொரு விதைக்கும் வேறு வேறு சேர்க்கை போய்ச் சேர்கிறது. குறுக்கே கலத்தல் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். படம் பார்த்து இதைப் புரிந்துகொள்வது கஷ்டம். நூலை வைத்துச் செய்தால் அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.

தேவையானவை: சிவப்பு, மஞ்சள் கம்பளி நூல், நான்கு நிறத்தில் பாசிமணி, கத்தரிக்கோல், ஸ்கேல், ஆறு முகம் உள்ள ஒரு பகடை. சணல் கயிறு ஒரு முழம் தனியாக எடுத்து வையுங்கள், கடைசியில் வேண்டும்.

படி 1: செடியைத் தேர்ந்தெடுங்கள்

நம் மாதிரிக்கு மக்காச்சோளம். அதில் 20 குரோமோசோம்கள், அதாவது 10 இணைகள். நாம் எடுப்பது ஒன்பதாவது இணையை மட்டும். காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

சிவப்பு நூலில் 30 செ.மீ. வெட்டுங்கள். இது தாய் ரகத்தின் குரோமோசோம். மஞ்சளில் 30 செ.மீ., இது தந்தை ரகத்தினுடையது. இரண்டிலும் ஒரு நுனியிலிருந்து 1 செ.மீ. தள்ளி ஒரு மணி, 6 செ.மீ. தள்ளி இன்னொரு மணி கோர்த்து, நகராமல் முடிச்சுப் போடுங்கள். முதல் மணி சோளமணியின் நிறத்துக்கான ஜீன்: சிவப்பு நூலில் கறுப்பு மணி (நிறமுள்ளது), மஞ்சள் நூலில் வெள்ளை மணி (நிறமற்றது). இரண்டாவது மணி மாவுச்சத்தின் வகைக்கான ஜீன்: சிவப்பு நூலில் பழுப்பு மணி (பசைத்தன்மை உள்ளது), மஞ்சள் நூலில் நீல மணி (சாதாரணமானது).

இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இரண்டு ரகங்களைக் கலப்புச் செய்யும் அன்றைக்கே துண்டு மாற்றம் நடந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். கலப்பு நடக்கும்போது ஒரு முழுச் சிவப்பும் ஒரு முழு மஞ்சளும் ஒரே செல்லுக்குள் வந்து சேர்கின்றன, அவ்வளவுதான். கலப்பினச் செடியின் இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் அவை முழுசாகத் தனித்தனியே இருக்கும். அதனால்தான் எஃப்1 செடிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வருகின்றன. அந்தச் செடி வளர்ந்து, தானே பூத்து, மகரந்தமும் சூல்களும் உண்டாகும்போதுதான் கத்தரிக்கோல் வெளியே வருகிறது.

படி 2: இரட்டிப்பு

மியாசிஸ் தொடங்கும் முன் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப்போல் ஒரு நகலை எடுத்துக்கொள்ளும். அதே மணிகளோடு இன்னொரு சிவப்பு, இன்னொரு மஞ்சள் நூல் செய்யுங்கள். சிவப்புகள் இரண்டையும் மணி இருக்கும் நுனியிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் சேர்த்துக் கட்டுங்கள். மஞ்சளுக்கும் அப்படியே. அந்தக் கட்டுதான் சென்ட்ரோமியர். இரண்டு மணிகளும் கட்டுக்கு ஒரே பக்கத்தில், குட்டைக் கையில் இருக்க வேண்டும்.

அப்புறம், ஒரே நிற நூல்கள் இரண்டையும் லேசாக முறுக்கிவிடுங்கள். சகோதர இழைகள் (ஒரே குரோமோசோமின் இரண்டு நகல்கள்) நிஜத்தில் நெடுகிலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். இந்த முறுக்கை விட்டுவிட்டால் படி 5 வேலை செய்யாது.

படி 3: இணை சேர்த்தல்

சிவப்பு இரட்டையையும் மஞ்சள் இரட்டையையும் மணிக்கு மணி நேராகப் பக்கத்தில் வையுங்கள். மொத்தம் நான்கு இழைகள்.

படி 4: வெட்டி ஒட்டுதல்

ஒரு சிவப்பு இழை, ஒரு மஞ்சள் இழை, இரண்டை மட்டும் முறுக்கிலிருந்து கொஞ்சம் பிரித்தெடுங்கள். நுனியிலிருந்து 2.5 செ.மீ. தூரத்தில், அதாவது இரண்டு மணிகளுக்கு நடுவில், இரண்டையும் ஒரே இடத்தில் வெட்டி, சிவப்பு நுனியை மஞ்சளிலும் மஞ்சள் நுனியைச் சிவப்பிலும் முடியுங்கள். கொடுத்த அளவே வாங்கினீர்களா என்று பாருங்கள். வெட்டு கொஞ்சம் மேலே கீழே போனால் ஒரு இழையில் மணி குறையும், இன்னொன்றில் கூடும். செல்லிலும் அப்படித் தவறு நடப்பது உண்டு.

நம் கத்தரிக்கோல் உண்மையை எளிமைப்படுத்துகிறது. செல்லில் இரண்டு இழைகளும் ஒன்றாக வெட்டப்படுவதில்லை. ஸ்போ11 என்ற புரதம் ஒரு இழையின் டிஎன்ஏவை மட்டும் வெட்டுகிறது. வெட்டிய முனை கொஞ்சம் அரிக்கப்பட்டு, ஒற்றை நூலாக நீட்டிக்கொண்டு, தன் எழுத்து வரிசைக்குப் பொருந்தும் இடத்தை எதிர்க் குரோமோசோமில் தேடுகிறது. பொருந்தினால் உள்ளே நுழைந்து, அதைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. பெரும்பாலான வெட்டுகள் அந்தச் சரிசெய்தலோடு முடிந்துவிடும். சில மட்டுமே துண்டு மாற்றமாக முடிகின்றன. அராபிடாப்சிஸ் என்ற சின்னஞ்சிறு ஆய்வுச் செடியில் ஒரு செல்லுக்கு 150 முதல் 250 வெட்டுகள் விழுகின்றன. கடைசியில் மாற்றமாக மிஞ்சுபவை பத்துச் சொச்சம்தான்.

"பொருந்தும் இடத்தைத் தேடுகிறது" என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கலப்பினச் செடிகளில் எல்லாச் சிக்கலும் அங்கிருந்துதான் வருகிறது.

படி 5: இழுத்துப் பாருங்கள்

இரண்டு கட்டுகளையும் இரண்டு கையால் பிடித்து மெதுவாக எதிரெதிர்த் திசையில் இழுங்கள். மாற்றம் நடந்த இடத்துக்குப் பக்கத்தில் நூல்கள் பெருக்கல் குறிபோல் சிக்கி நிற்கும். இதற்குக் கயாஸ்மா என்று பெயர். செல்லுக்கு இது ஒரு கொக்கி. இணை பிரியாமல் நடுவில் நின்று, சரியான நேரத்தில் ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் போவதற்கு இந்தப் பிடிமானம் தேவை. ஒரு இடத்திலும் மாற்றம் நடக்காத இணை முன்பே கழன்று, இரண்டும் ஒரே பக்கம்கூடப் போய்விடலாம்.

இப்போது முறுக்கைப் பிரித்து இழுங்கள், கட்டுகள் விலகும். இது முதல் பிரிவு. பிறகு கட்டுகளையும் அவிழ்த்தால் இரண்டாம் பிரிவு. மேசைமேல் நான்கு இழைகள்: ஒரு முழுச் சிவப்பு, ஒரு முழு மஞ்சள், மஞ்சள் நுனி வைத்த சிவப்பு, சிவப்பு நுனி வைத்த மஞ்சள். கறுப்பும் நீலமும் ஒரே இழையில் வந்துவிட்டன பாருங்கள். இரண்டு பெற்றோரிடமும் இல்லாத சேர்க்கை.

ஒன்பதாவது குரோமோசோமை எடுத்த காரணம் இதுதான். 1931-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹாரியட் கிரைட்டனும் பார்பரா மெக்ளின்டாக்கும் இதே குரோமோசோமில்தான் துண்டு மாற்றத்தை நேரில் காட்டினார்கள். அவர்களிடம் இருந்த ஒரு சோளச் செடியில் ஒன்பதாவது குரோமோசோமின் ஒரு நுனியில் குமிழ் ஒன்று இருந்தது. மறு நுனியில் எட்டாவது குரோமோசோமின் துண்டு ஒட்டியிருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தாலே தெரியும் இரண்டு அடையாளங்கள். சோளமணியின் குணங்கள் புதிய சேர்க்கையில் வந்தபோது அந்த அடையாளங்களும் இடம் மாறியிருந்தன. நாம் சிவப்பு, மஞ்சள் நூல் எடுத்தோம். அவர்களுக்கு அந்தக் குமிழ்தான் நூலின் நிறம்.

படி 6: பகடை உருட்டுங்கள்

30 செ.மீ. நூலை மணி இருக்கும் நுனியிலிருந்து ஆறு சம பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். பகடையில் விழும் எண் எந்தப் பங்கோ, அதன் நடுவில் மாற்றம். நூலை வெட்ட வேண்டாம், தாளில் குறித்தால் போதும். 24 முறை உருட்டுங்கள். 1 விழுந்தால் மட்டும்தான் இரண்டு மணிகளும் பிரியும். சராசரியாக அது 4 முறை விழும். 24 செல்களிலிருந்து 96 இழைகள் வரும், பிரிந்த ஒவ்வொரு முறைக்கும் 2 புதிய இழைகள், ஆக 8. நூற்றுக்குச் சுமார் 8. மரபியலில் இதை 8 சென்டிமார்கன் தூரம் என்பார்கள். மணிகளைத் தள்ளித்தள்ளிக் கோர்த்தால் எண்ணிக்கை ஏறும், ஆனால் 50-ஐத் தாண்டாது.

பகடை எல்லாப் பங்குக்கும் சம வாய்ப்புத் தருகிறது, செடி தருவதில்லை. மக்காச்சோளம், கோதுமை, பார்லி இவற்றில் மாற்றம் பெரும்பாலும் நுனிப் பக்கங்களில் நடக்கும். சென்ட்ரோமியரை ஒட்டிய பகுதியில் மிக அபூர்வம். நோய் எதிர்ப்பு ஜீன் ஒன்றைக் காட்டு ரகத்திலிருந்து கொண்டுவரும்போது, பக்கத்தில் உள்ள வேண்டாத குணமும் கூடவே ஒட்டிக்கொண்டு வருவது இதனால்தான். அந்த இடத்தில் கத்தரிக்கோல் விழுவதற்காகச் சில நேரம் ஆயிரக்கணக்கான நாற்றுகளைச் சலிக்க வேண்டியிருக்கும்.

படி 7: சணல் கயிற்றை எடுங்கள்

இதுவரை பார்த்தது ஒரே இனத்தின் இரண்டு ரகங்கள். இனம் விட்டு இனம் கலந்தால்? மஞ்சள் நூலுக்குப் பதில் சணலை வைத்துப் படி 3-ஐத் திரும்பச் செய்யுங்கள். மணிகள் நேராக நிற்காது, நீளம் பொருந்தாது.

1920-களில் ரஷ்ய விஞ்ஞானி கார்பெசென்கோ முள்ளங்கியையும் முட்டைகோஸையும் கலந்தார். இரண்டுக்கும் 18 குரோமோசோம்கள். கலப்பினத்துக்கு அங்கிருந்து 9, இங்கிருந்து 9. எண்ணிக்கை சரிதான், ஆனால் முள்ளங்கியின் குரோமோசோம் முட்டைகோஸினுடையதைத் தன் ஜோடியாக அடையாளம் காணவில்லை. கொக்கி இல்லை, பிரிவு தாறுமாறு, செடி ஏறக்குறைய மலடு. எப்போதாவது பிரியாமல் 18-ம் ஒன்றாகப் போன செல்கள் சேர்ந்து சில விதைகள் வந்தன. அவற்றில் 36 குரோமோசோம்கள். இப்போது முள்ளங்கிக்கு முள்ளங்கி, கோஸுக்குக் கோஸ் என்று ஜோடி கிடைத்துவிட்டது, விதையும் பிடித்தது. ஆனால் இரண்டுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு.

ரொட்டிக் கோதுமை இதை ஒரு ஜீனை வைத்தே காவல் காக்கிறது. அதன் 42 குரோமோசோம்கள் மூன்று புல்லினங்களிலிருந்து சேர்ந்தவை. நெருங்கிய சொந்தம் என்பதால் தவறான ஜோடி சேர வாய்ப்புண்டு. 5பி குரோமோசோமில் இருக்கும் பிஎச்1 என்ற அந்த ஜீன் அதைத் தடுக்கிறது. 1958-இல் தெரியவந்த இந்தக் காவலை நீக்கிய கோதுமையை வைத்துத்தான், காட்டுப் புல்லோடு துண்டு மாற்றிக்கொள்ள வைக்கிறார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் உதாரணம் கரும்பு. கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பை நாணலோடு கலந்தார்கள். 1918-இல் கோ 205 என்ற ரகம் வந்தது. வெள்ளைக்கு 80 குரோமோசோம்கள், அந்த நாணலுக்கு 64. பாதிக்குப் பாதி போட்டால் 72 வர வேண்டும். கோ 205-இல் இருப்பது 112. தாய் தன் 80-ஐயும் பாதியாக்காமல் அப்படியே கொடுத்துவிட்டது, நாணல் மட்டும் 32 கொடுத்தது. இன்றைய கரும்பு ரகங்களில் இரண்டு இனத்தின் குரோமோசோம்களுக்கும் வெவ்வேறு ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தால், பெரும்பாலானவை தடித்த கரும்பின் நிறம், கொஞ்சம் நாணலின் நிறம், சில மட்டும் ஒரு கை ஒரு நிறமும் மறு கை இன்னொரு நிறமுமாகத் தெரிகின்றன. உங்கள் மேசைமேல் கிடக்கும் அதே இரட்டை நிற நூல்.

படி 8: முடிந்தால் நிஜத்தில்

பள்ளி, கல்லூரி ஆய்வகம் கைக்கு எட்டினால் மக்காச்சோளத்திலேயே பாருங்கள். ஆண் கதிர் வெளியே வந்த பின் எடுத்தால் தாமதம். குருத்து இலைகளுக்குள் தடவினால் கதிர் தட்டுப்படும் பருவத்தில் வெட்டி, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் ஒரு நாள் ஊற வையுங்கள். மகரந்தப்பை ஒன்றை எடுத்து, அசிட்டோகார்மைன் சொட்டில் வைத்து, நசுக்கி, லேசாகச் சூடுகாட்டி, கண்ணாடித் தகட்டை வைத்து அழுத்திப் பாருங்கள். ஒரு சிறுபூவில் மூன்று மகரந்தப்பைகள் உண்டு, மூன்றும் ஏறக்குறைய ஒரே கட்டத்தில் இருக்கும். ஒன்றைச் சோதித்து, கட்டம் சரியென்றால் மீதி இரண்டில் நிதானமாகச் செய்யலாம்.

சரியான கட்டத்தில் பத்து குட்டையான குரோமோசோம் இணைகள் சிதறிக் கிடக்கும். சில வளையமாக, சில கம்பியாக. வளையம் என்றால் இரண்டு கையிலும் கொக்கி, கம்பி என்றால் ஒரு கையில் மட்டும். எல்லாம் ஒரே சிவப்பில் இருக்கும், எது அம்மா எது அப்பா என்று தெரியாது. உருண்டையான மகரந்தத் தூள் மட்டும் தெரிந்தால் நாள் கடந்துவிட்டது, அடுத்த செடியில் இன்னும் இளங்கதிராகப் பாருங்கள்.