ஊர்ப் பெயரில் ஒளிந்திருக்கும் சொற்கள்

‘ஒரு பொருள் தரும் பல சொற்கள்’ பிள்ளைக்கு மனதில் நிற்கவில்லையா? புத்தகத்தை மூடிவிட்டு ஊர்ப் பெயரில் தொடங்குங்கள். கிருஷ்ணகிரியில் உள்ள ‘கிரி’ என்றால் மலை. தருமபுரியில் உள்ள ‘புரி’ என்றால் ஊர், நகர். பேருந்தில் போகும்போது மலை தெரிந்தால், “இதுக்கு இன்னொரு பேர் சொல்லு” என்று கேளுங்கள். தெரியாவிட்டால் வெற்பு, பொருப்பு என்று நீங்களே எடுத்துக்கொடுங்கள். ஒகேனக்கல் போனால் அருவி, நீர்வீழ்ச்சி. நாளுக்கு 2 சொல் போதும், அதற்கு மேல் திணித்தால் சலித்துவிடும்.

அப்புறம், கற்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். குன்று என்பது சின்ன மலை என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். மாந்தோப்பில் என் மகள் மாவடு, மாம்பிஞ்சு, மாங்காய் மூன்றும் ஒன்று என்றாள். முதல் இரண்டும் சரி, மாங்காய் அடுத்த பருவம் என்று விளக்குவதற்குள் இருட்டிவிட்டது!