முற்றிய மீசோதீலியோமா சிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிக்கையில் மீசோதீலியோமா (நுரையீரலையோ வயிற்று உறுப்புகளையோ போர்த்தியிருக்கும் உறையில் வரும் புற்றுநோய்) என்று படித்த அன்றே வீட்டில் எல்லோருக்கும் ஒரே தவிப்பு: நாளைக்கே சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும். தவிப்பு நியாயமானதுதான். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசு உடலுக்குள் போனதற்கும் நோய் தலைகாட்டுவதற்கும் இடையே 20 முதல் 50 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. பெரும்பாலோருக்கு முற்றிய பிறகே தெரியவருகிறது. ஆனால் இந்த நோயில் நேரும் தவறுகளைக் கூர்ந்து பார்த்தால், தப்பான மருந்தைக் கொடுத்ததால் வந்தவை குறைவு. சரியான காரியத்தை முன்பின்னாகச் செய்ததால் வந்தவைதான் அதிகம். ஸ்கேனுக்கு முன்பே, நுரையீரல் உறைகளை ஒட்டவைக்கும் டால்க் பொடியைத் தூவுவது, வைட்டமினுக்கு முன்பே கீமோ ஏற்றுவது, வலி நிபுணரைக் கடைசி வாரத்தில் தேடுவது எல்லாமே இந்த ரகம்.

இங்கே சொல்வது பெரும்பாலும் நுரையீரல் உறையில் வரும் வகையைப் பற்றி. வயிற்று உறையில் வருவதற்குக் கணக்கு வேறு. அதைப் பிறகு சொல்கிறோம்.

நீரைப் பரிசோதித்ததோடு நிறுத்திவிடுவது

நெஞ்சில் கோத்த நீரை ஊசியால் எடுத்து, அதிலுள்ள செல்களைப் பார்த்து 'புற்றுநோய்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பாதி வேலைகூட முடியவில்லை என்று பொருள். நுரையீரலின் அடினோகார்சினோமா (சுரப்புச் செல்களில் எழும் புற்று) உறைக்குப் பரவினாலும் ஏறக்குறைய இதே தோற்றம்தான் தெரியும். இரண்டுக்கும் மருந்து வேறு. எனவே திசு வேண்டும். தொராக்கோஸ்கோப் குழாயை உள்ளே விட்டு, உறையை நேரில் பார்த்துப் பல இடங்களில் கிள்ளி எடுப்பது சிறந்தது. அதற்கு உடல் தாங்காது என்றால், உறை தடித்திருக்கும் இடத்தில் சி.டி. பார்த்து ஊசி பயாப்சி எடுக்கலாம்.

அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டியது, செல்களின் தோற்றத்தை வைத்துப் பிரிக்கும் துணை வகையை: எபிதீலியாய்டா, சார்கோமட்டாய்டா, இரண்டும் கலந்த பைஃபேசிக்கா? அடுத்து, செல்லில் எந்தப் புரதம் இருக்கிறது என்று காட்டும் சாயப் பரிசோதனைகள். கால்ரெட்டினின், டபிள்யூ.டி.1 போன்றவை மீசோதீலியோமாவின் பக்கம் பேசும், டி.டி.எஃப்.1, கிளாடின் 4 போன்றவை அடினோகார்சினோமாவின் பக்கம் பேசும். ஒரே ஒரு சாயத்தை நம்பி முடிவு கட்டக் கூடாது; இரண்டு பக்கத்திலும் குறைந்தது இரண்டிரண்டாவது பார்த்திருக்க வேண்டும். சார்கோமட்டாய்டு வகையில் கால்ரெட்டினின் ஏறாமலே போவதும் உண்டு. செல்களில் பேப்1 புரதம் காணாமல் போயிருந்தால், அது அழற்சியால் வந்த மாற்றமல்ல, புற்றுதான் என்பதற்கு வலுவான சான்று.

துணை வகை எழுதாத அறிக்கையை வைத்துக்கொண்டு மருந்தைத் தொடங்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. மெழுகில் பதித்து வைத்திருக்கும் அதே திசுக் கட்டியைக் கேட்டு வாங்கி, இந்த நோயைப் பார்த்துப் பழகிய நோய்க்குறியியல் நிபுணரிடம் கொடுத்தால் போதும்.

இன்னொன்று, கேட்பதற்குச் சின்ன விஷயம்: பெட் ஸ்கேன் தேவைப்படும் என்றால் அதை டால்க் தூவுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். டால்க் உறையில் அழற்சியை உண்டாக்கித்தான் வேலை செய்கிறது. அந்த அழற்சி ஸ்கேனில் புற்றைப் போலவே ஒளிரும். பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்கூட, எது நோய், எது டால்க் என்று பிரித்துச் சொல்வது பெரும்பாடு.

துணை வகையைப் பார்க்காமல் மருந்தைத் தேர்வது

முதன்முதலில் தொடங்கும் சிகிச்சைக்கு இன்று இரண்டு முக்கியப் பாதைகள் உண்டு. ஒன்று பெமெட்ரெக்ஸெட்டும் சிஸ்பிளாட்டினும் சேர்ந்த கீமோ. சிறுநீரகமோ காதோ தாங்காதவர்களுக்குச் சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டின். மற்றது நிவோலுமாப், இபிலிமுமாப் இரண்டும் சேர்ந்த இம்யூனோதெரபி, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தடையவிழ்த்துப் புற்றின் மேல் ஏவும் சிகிச்சை. 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த இணை, ஆய்வில் இடைநிலை ஆயுளை 14.1 மாதத்திலிருந்து 18.1 மாதமாக உயர்த்தியது. ஆனால் இந்த மொத்தக் கணக்குக்குள்தான் விஷயமே ஒளிந்திருக்கிறது. எபிதீலியாய்டு அல்லாத வகைகளில் கீமோவுக்கு 8.8 மாதம், இம்யூனோதெரபிக்கு 18.1 மாதம். எபிதீலியாய்டில் 16.5-க்கு 18.7. முதல் கூட்டத்தில் வித்தியாசம் இரட்டிப்புக்கும் மேல், இரண்டாவதில் சிறியது. சார்கோமட்டாய்டு, பைஃபேசிக் நோயாளிக்கு, தடையேதும் இல்லாதபோது, கீமோவை மட்டும் கொடுத்து ஆரம்பிப்பது பெரிய இழப்பு. எபிதீலியாய்டு என்றால் உட்கார்ந்து பேச இடமிருக்கிறது: வேறு நோய்கள், எந்தப் பக்க விளைவைத் தாங்க முடியும், எவ்வளவு அடிக்கடி மருத்துவமனைக்கு வர முடியும் என்பதையெல்லாம் வைத்து முடிவெடுக்கலாம்.

கீமோவோடு, கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுக்கும் பெவாசிசுமாப் சேர்த்தால் இடைநிலை ஆயுள் 16.1 மாதத்திலிருந்து 18.8 ஆனது என்று 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கும் அது ஆகாது. கீமோவோடு இன்னொரு இம்யூனோதெரபி மருந்தான பெம்ப்ரோலிசுமாப் சேர்ப்பதற்கு 2024-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கட்டியில் பி.டி.எல்.1 என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை முடிவு வரட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை; நிவோலுமாப், இபிலிமுமாப் இணைக்கான அனுமதி அந்த அளவைச் சார்ந்ததல்ல.

இடைநிலை ஆயுள் 18 மாதம் என்றால் பதினெட்டாம் மாதம் கெடு என்று பொருளல்ல. பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்று பொருள். அதே ஆய்வில் இம்யூனோதெரபி பெற்றவர்களில் 23 சதவீதம் பேர் மூன்றாம் ஆண்டிலும் உயிரோடிருந்தார்கள். அந்த எண்ணைக் கெடுவாகப் படித்து மனம் உடைந்துபோகிறவர்கள் ஏராளம்.

பெமெட்ரெக்ஸெட்டுக்கு முன் வைட்டமினை விட்டுவிடுவது

இந்தத் தவறைத்தான் நாங்கள் மிகவும் அஞ்சுகிறோம். இது முழுக்க முழுக்கத் தவிர்க்கக் கூடியது. பெமெட்ரெக்ஸெட், ஃபோலேட் என்ற வைட்டமினை (ஃபோலிக் அமிலம் இதன் மாத்திரை வடிவம்) நம்பி ஓடும் நொதிகளை முடக்குகிறது. உடலில் ஃபோலேட்டும் பி12-ம் ஏற்கெனவே குறைந்திருந்தால் புற்றுச் செல்லோடு எலும்பு மஜ்ஜையும் குடல் உறையும் சேர்ந்து சாகும். 2003-ல் வெளியான மூல ஆய்விலேயே, தொடக்கத்தில் நச்சு விளைவால் இறப்புகள் நேர்ந்ததால்தான் நடுவில் வைட்டமின்களைக் கட்டாயமாக்கினார்கள்.

முறை இதுதான். ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம் முதல் 1 மில்லிகிராம் வரை. முதல் ஊசிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். அந்த ஏழு நாளில் குறைந்தது ஐந்து நாளாவது மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். சிகிச்சை முழுக்கத் தொடர்ந்து, கடைசி ஊசிக்குப் பிறகும் 21 நாள் விடக் கூடாது. பி12 1000 மைக்ரோகிராம் தசையில் ஊசியாக, முதல் கீமோவுக்கு முந்தைய வாரத்தில் ஒரு முறை, பிறகு மூன்று சுற்றுக்கு ஒரு முறை. தோலில் தடிப்பு வராமலிருக்க டெக்ஸாமெதசோன் 4 மில்லிகிராம் தினம் இரு வேளை, கீமோவுக்கு முந்தைய நாள், அன்று, மறுநாள் என மூன்று நாள்.

எங்கே சறுக்குகிறது? 'கீமோ திங்கட்கிழமை, மாத்திரையையும் அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுவதில். ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம் மாத்திரையாகவும் வரும். சீட்டில் இருப்பது எந்த அளவு, கையில் இருப்பது எந்த அளவு என்று ஒத்துப்பார்க்காமல் விழுங்குவதில். வாந்தி வந்த நாட்களில் 'இதுவும் ஒரு சத்து மாத்திரைதானே' என்று நிறுத்திவிடுவதில். இது சத்து மாத்திரை அல்ல, கீமோவின் ஓர் அங்கம். முந்தைய வாரத்து மாத்திரைகள் போகவில்லை என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சில நாள் தள்ளிப்போடுவது வெள்ளணுக்கள் அடியோடு சரிந்து காய்ச்சலோடு படுப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

வலி மாத்திரை அடுத்த கண்ணி. நெஞ்சு வலிக்கிறதே என்று தாமாகவே ஐபுப்ரோஃபன் போடுகிறவர்கள் நிறைய. அது சிறுநீரகம் பெமெட்ரெக்ஸெட்டை வெளியேற்றும் வேகத்தைக் குறைக்கிறது. சிறுநீரக வடிகட்டல் நிமிடத்துக்கு 45 முதல் 79 மில்லி வரை உள்ளவர்கள் கீமோவுக்கு இரண்டு நாள் முன்பும், அன்றும், இரண்டு நாள் பின்பும் அதைத் தொடக் கூடாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, உடலில் நீண்ட நேரம் தங்கும் மாத்திரைகளை இன்னும் முன்பே நிறுத்த வேண்டும். வடிகட்டல் 45-க்குக் கீழே இறங்கினால் பெமெட்ரெக்ஸெட்டே கூடாது.

இம்யூனோதெரபியின் பக்க விளைவைச் 'சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று எடுத்துக்கொள்வது

முடி கொட்டவில்லை, வாந்தி இல்லை, ஆகவே இது லேசான மருந்து என்ற எண்ணம் பரவியிருக்கிறது. கீமோவின் தொல்லைகள் பெரும்பாலும் எதிர்பார்த்த நாளில் வந்து போகும். இது அப்படியல்ல; தடையவிழ்ந்த எதிர்ப்புச் சக்தி எந்த உறுப்பையும், எந்த மாதத்திலும், மருந்து நின்று பல மாதம் கழித்தும் தாக்கலாம்.

வழக்கத்தைவிட நாளைக்கு நான்கு முறை கூடுதலாக வயிற்றோட்டம் போனால், வீட்டில் இருக்கும், வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரையைப் போட்டு அடக்காமல் அன்றே அழைக்க வேண்டும். அது குடல் அழற்சியாக இருந்தால் மாத்திரை அறிகுறியை மூடிவைக்குமே தவிரக் குடல் ஆறாது. புது வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் 'நீர் மறுபடி கோத்திருக்கும்' என்று எல்லோரும் நினைப்பார்கள். நுரையீரல் அழற்சியாகவும் இருக்கலாம், படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். விடாத தலைவலியோடு மிகுந்த அசதியும் குறைந்த ரத்த அழுத்தமும் சேர்ந்தால் ஹார்மோன் சுரப்பிகளான பிட்யூட்டரியையும் அட்ரீனலையும் சந்தேகிக்க வேண்டும். இதனால்தான் முதல் ஊசிக்கு முன்பே தைராய்டு, கார்ட்டிசால், கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை, ஹெபடைட்டிஸ் பி அளவுகளை எடுத்து வைத்துக்கொள்வது. ஒப்பிட அடிப்படை அளவு இல்லாவிட்டால் பிறகு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கடுமையான அழற்சிக்கு ஸ்டீராய்டு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் என்று தொடங்கி, குறைந்தது நான்கு வாரங்களுக்கு மேல் படிப்படியாகக் குறைப்பார்கள். மூன்றாம் நாளே நன்றாக இருக்கிறது என்று நிறுத்தினால் அழற்சி முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். நோயாளியின் பையில் எப்போதும் ஒரு அட்டை இருக்கட்டும்: மருந்துகளின் பெயர், கடைசி ஊசி போட்ட தேதி, சிகிச்சைக் குழுவின் எண். நள்ளிரவு அவசரப் பிரிவில் 'புற்றுநோய்க்கு ஊசி போடுகிறோம்' என்று மட்டும் சொன்னால் அவர்கள் கீமோ என்றே எண்ணிக்கொள்வார்கள்.

மூலிகைக் காப்ஸ்யூல்களை இந்தக் காலத்தில் நிறுத்திவைப்பது நல்லது. கல்லீரல் அளவு ஏறினால் காரணம் எது என்று பிரிக்க முடியாமல், பலன் தந்துகொண்டிருக்கும் மருந்தையே நிறுத்த நேரும்.

'வெட்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது' என்ற நம்பிக்கை

அறுவைக்காக அலைகிற குடும்பங்களின் ஆசை புரிகிறது. ஆனால் நுரையீரலை விட்டு, உறையை மட்டும் உரித்தெடுக்கும் பெரிய அறுவையை 335 பேரிடம் சோதித்து 2024-ல் வெளியான மார்ஸ் 2 ஆய்வில், கீமோவோடு அறுவையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 19.3 மாதம், கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 24.8 மாதம். கடுமையான சிக்கல்களும் அறுவைப் பிரிவில் மூன்று மடங்குக்கு மேல். அறுவைக்கு உகந்தவர்கள் என்று தேர்ந்தெடுத்த கூட்டத்திலேயே இந்த நிலை. முற்றிய நோயில் அறுவைக்காக மருந்தைத் தள்ளிப்போடுவதற்கு ஆதாரம் இல்லை.

வயிற்று உறையில் வரும் வகைக்குத்தான் விதிவிலக்கு. அங்கே கட்டிகளை அகற்றி, சூடாக்கிய கீமோவை வயிற்றுக்குள் சுற்றவிடும் சிகிச்சை, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு ஆண்டுக்கணக்கில் ஆயுள் தந்திருக்கிறது. 2009-ல் வெளியான 405 பேரின் தரவில் இடைநிலை ஆயுள் 53 மாதம். இந்த வகை என்றால், 'முற்றிவிட்டது, அறுவை கிடையாது' என்ற பதிலோடு திரும்பிவிடாமல், இதைச் செய்து பழகிய மையத்தில் முதலிலேயே கருத்துக் கேட்க வேண்டும்.

நீரை மட்டும் எடுத்துக்கொண்டே இருப்பது

வாரம் ஒரு முறை ஊசி குத்தி நீர் எடுப்பதிலேயே மாதங்களைக் கழிப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் தொற்றுக்கும் ரத்தக்கசிவுக்கும் வழி. நீர் அறைகளாகப் பிரிந்து கட்டிக்கொண்டால் பிறகு எடுப்பதே கடினம். இரண்டாம் முறை கோத்தவுடனேயே நிரந்தர வழி பேசப்பட வேண்டும். நீரை வடித்தபின் நுரையீரல் முழுதாக விரிந்தால் டால்க் தூவி இரண்டு உறைகளையும் ஒட்டவைக்கலாம். தடித்த உறைக்குள் சிக்கி விரியாமல் நிற்கும் நுரையீரலுக்கு டால்க் போட்டுப் பயனில்லை, ஒட்டுவதற்கு மறுபக்கம் எட்டாது. அவர்களுக்குத் தோலுக்கடியில் செருகி வைக்கும் வடிகுழாய்தான் சரி.

குழாயோடு வீட்டுக்கு வந்தால், கையைச் சோப்பிட்டுக் கழுவி, கையுறை அணிந்து, வால்வைக் கிருமிநாசினியால் துடைத்து, வெற்றிடப் புட்டியைப் பொருத்தி மெதுவாகத் திறக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம். விடாத இருமலோ நெஞ்சில் இறுக்கமான வலியோ வந்தால் அந்த இடத்தில் மூடிவிட வேண்டும். வெகுநாள் சுருங்கியிருந்த நுரையீரல் சட்டென விரிந்தால் அதற்குள்ளேயே நீர் சுரந்து மூச்சு திணறும். தேதி, அளவு, நிறம் மூன்றையும் குறித்து வைப்பது நல்லது. அளவு திடீரென நின்றும் மூச்சிரைப்பு தொடர்ந்தால் குழாய் அடைத்திருக்கலாம். குழாய் நுழையும் இடம் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ காத்திருக்க வேண்டாம்.

குழாய் போட்ட துளைகளில் கட்டி வளராமலிருக்க முன்கூட்டியே கதிர்வீச்சு கொடுக்கும் பழைய வழக்கத்துக்குப் பலன் இல்லை என்று 2016-ல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது. ஏற்கெனவே முளைத்து வலிக்கும் முடிச்சுக்கு, 5 நாளில் 20 கிரே (கதிர்வீச்சின் அளவு) போன்ற குறுகிய கதிர்வீச்சு பயன் தரும்.

வலியையும் மூச்சிரைப்பையும் கடைசிக்குத் தள்ளிப்போடுவது

மார்ஃபின் என்றதும் 'அவ்வளவுதானா' என்று முகம் வாடுகிறது. வலி தாளாதவர் படுத்தே கிடப்பார், சாப்பிட மாட்டார், எடை இறங்கும், நடக்கும் தெம்பு போகும். அந்தத் தெம்பை வைத்துத்தான் அடுத்த மருந்து கொடுக்கலாமா என்று முடிவெடுக்கிறார்கள். ஆகவே வலியை அடக்குவதும் புற்றுச் சிகிச்சையின் பாகமே. மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும்; மலச்சிக்கலுக்கு உடல் பழகுவதில்லை. இடையில் குத்தும் வலிக்கு நாள் மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கு முதல் ஆறில் ஒரு பங்கு வரை தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எரிச்சலும் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற சுரீர் வலியும் விலா நரம்புகளை நோய் பற்றியதைக் காட்டும். அதற்கு மார்ஃபினை ஏற்றிக்கொண்டே போவதைவிட கேபாபென்டின், பிரிகேபலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றைச் சேர்ப்பது பலன் தரும். மூச்சிரைப்புக்குச் சிறு அளவு மார்ஃபினும், முகத்துக்கு நேரே பிடிக்கும் கைவிசிறியும் உதவும்.

இத்தனைக்கும் அடங்காமல் ஒரே பக்கம் வலிப்பவர்களுக்குக் கார்டோட்டமி என்றொரு வழி இருக்கிறது. கழுத்தில் ஊசியைச் செலுத்தி, தண்டுவடத்தில் அந்தப் பக்கத்து வலியைச் சுமக்கும் பாதையை மட்டும் சுட்டு அணைப்பார்கள். நோயாளி விழித்திருந்து பதில் சொல்லிக்கொண்டே, அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். மூச்சிரைப்பு முற்றி, தலையணையை உயர்த்தாமல் படுக்கவே முடியாத நிலை வந்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். அதனால் அவர் இன்னும் மட்டமாகப் படுத்துத் தூங்குகிற நாட்களிலேயே வலி நிபுணரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.