சபைக்குப் போவதும் சபையில் ஒருவராவதும்: கடற்கரைக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வடக்கே தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம் வரையிலும், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி தாண்டி மூக்கையூர் வரையிலும் நீளும் ராமநாதபுரம் கடற்கரையில் பக்திக்குப் பஞ்சம் இல்லை. மாசி வாக்கில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகேறுகிறோம். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் இரத்தம் சிந்திய ஓரியூருக்குச் சென்று செம்மண் எடுத்து வருகிறோம். நற்செய்திக் கூட்டங்களுக்கு வேன் பிடித்துப் போகிறோம். வலை சீர்செய்யும்போதும் கருவாடு உலர்த்தும்போதும் கைப்பேசியில் பிரசங்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இவை யாவும் நல்லவையே. ஆனால் அடுத்த முறை நாம் வராமல் போனால், "அவரை ஏன் காணோம்?" என்று கேட்க அங்கெல்லாம் ஆள் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் இருக்கும் இடத்தில்தான் விசுவாசம் வேர்பிடிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்படிப்பட்ட ஓர் இடத்தில் ஒருவராவது எப்படி, ஆனபின் நிலைத்திருப்பது எப்படி என்பதே இங்கே பேச்சு. கத்தோலிக்கர் பங்கு என்பதையும் மற்றத் திருச்சபையினர் சபை என்பதையும் சேர்த்துச் சபை என்றே எழுதுகிறேன். வாசிப்பவர்கள் தங்கள் வழக்குப்படி எடுத்துக்கொள்ளலாம்.

தனியே வளர முடியாதது ஏன்

பவுலின் நிருபங்களில் பெரும்பாலானவை கொரிந்து, பிலிப்பி, தெசலோனிக்கே என்று ஊர்ப் பெயர் சொல்லி, அங்கே கூடுகிற மக்களுக்கு எழுதப்பட்டவை. தனி ஒருவருக்கு எழுதிய பிலேமோன் நிருபத்தில்கூட, அவருடைய வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்தே வாழ்த்துச் சொல்கிறார். ஒருவர் சுமையை ஒருவர் சுமக்க வேண்டும் என்று கலாத்தியருக்கும், ஒருவரையொருவர் தாங்கி மன்னிக்க வேண்டும் என்று கொலோசெயருக்கும் எழுதுகிறார். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்க வேண்டும் என்று யாக்கோபு சொல்கிறார். இவற்றில் ஒன்றையாவது கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்து செய்துவிட முடியுமா? பொறுமையைப் பற்றி நூறு பிரசங்கங்கள் கேட்டிருக்கலாம். ஆனால் நம் பொறுமையைச் சோதிக்கிற ஒரு மனிதருக்கு அருகில் வாரந்தோறும் உட்கார்ந்து, அவருடனேயே திருவிருந்தில் பங்குபெறும்போதுதான் அது நமக்குள் உண்டாகிறதா இல்லையா என்பது தெரியவரும். கைப்பேசியில் பேசுகிற போதகர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், நாம் மனைவியிடம் எப்படிப் பேசுகிறோம், கூலியாளுக்குக் கணக்கை நேராகக் கொடுத்தோமா என்பதை அவர் அறியமாட்டார். பக்கத்துத் தெருவில் இருக்கும் மூப்பர் அறிவார்.

உயிர்த்த இயேசு சீஷர்களுக்குக் காட்சி கொடுத்த மாலையில் தோமா அங்கே இல்லை. எட்டு நாட்களுக்குப் பின் ஆண்டவர் அவருடைய சந்தேகத்துக்குப் பதில் தந்தபோது, தோமா மற்றவர்களோடு அந்த வீட்டில் இருந்தார். நம்ப முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவரையும் அந்தக் கூட்டம் தள்ளிவிடவில்லை, அவரும் விலகிப் போய்விடவில்லை என்பதை யோவான் 20-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது கவனிக்க வேண்டும்.

நம் கரையோரத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் எந்த ஊரிலும் நெடுங்காலம் தங்கியவர் அல்லர். மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தையும் ஆண்டவர் கற்பித்த ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். தாம் அடுத்த ஊருக்குப் போனபின் மக்களைக் கூட்டி அதே ஜெபங்களைச் சொல்லவைக்க அந்தந்த ஊரிலேயே கணக்கப்பிள்ளைமாரை அமர்த்தினார். பெயர்பெற்ற பிரசங்கியாரின் வருகையைவிட, ஊரிலேயே இருந்து வாரந்தோறும் மக்களைக் கூட்டியவர்களால்தான் அந்த விசுவாசம் தலைமுறை தாண்டியது என்பது என் கணிப்பு. மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் 1549-ல் படைகள் தாக்கியபோது, தப்பிக்க வழி இருந்தும் மக்களைப் படகுகளுக்கு அனுப்பிவிட்டுக் கரையில் நின்று உயிர்விட்ட அந்தோனியோ கிரிமினாலி அடிகளாரையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. தம் மக்கள் யார் என்று பேரும் முகமுமாக அறிந்த ஒரு மேய்ப்பரால்தான் அப்படி நிற்க முடியும்.

எந்தச் சபையில் சேர்வது

நடந்து போகும் தூரத்தில் உள்ள சபையை முதலில் பாருங்கள். மதுரையில் ஒரு பெரிய சபையின் ஆராதனை உங்களுக்குப் பிடித்திருக்கலாம்; ஆனால் நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மதுரையிலிருந்து யாரும் வந்து சேர முடியாது. அருகில் இருப்பது போதுமா என்றால், போதாது. அங்கே வேதம் வாசிக்கப்பட்டு அதிலிருந்து போதனை வருகிறதா, ஞானஸ்நானமும் திருவிருந்தும் பயபக்தியோடு நடைபெறுகின்றனவா, காணிக்கைக் கணக்கு சபையார் முன் வாசிக்கப்படுகிறதா, கேள்வி கேட்பவருக்குக் கோபமில்லாமல் பதில் கிடைக்கிறதா என்று சில வாரங்கள் பொறுமையாகப் பாருங்கள். பணம் முழுவதும் ஒரே ஆளின் கையில் இருப்பது, "மாத்திரையை நிறுத்து, ஜெபம் போதும்" என்று சொல்வது, வீட்டாரோடு பேசவிடாமல் பிரிப்பது ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும், அங்கே பாடல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் சேர வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடற்கரைச் சபைகளில் பல ஒரே சமூகத்தாரால் ஆனவை. உப்பளத்துக்கோ அரசு வேலைக்கோ பிழைப்புக்காக வந்து குடியேறியவர் அங்கே அந்நியராக உணர்வது உண்டு. இருக்கையிலும் கல்லறையிலும் சாதி பார்க்கும் வழக்கம் தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்றே என்று கலாத்தியர் 3:28 சொல்லும்போது இதற்கு நியாயம் கற்பிக்க ஒரு வழியும் கிடையாது. அந்தச் சபையைச் சேர்ந்தவராக நீங்கள் இருந்தால், அடுத்த ஞாயிறு வாசலருகே தனியாக நிற்பவரைக் கூப்பிட்டு உங்கள் குடும்பத்துக்கு அருகில் உட்காரவையுங்கள். தீர்மானம் போட்டுச் சாதிக்க முடியாத பலவற்றை அந்த ஓர் அழைப்பு தொடங்கிவைக்கும்.

பெயரைப் பதிவது

முடிவு செய்தபின் காலம் கடத்த வேண்டாம். பங்குத்தந்தையையோ சபைப் போதகரையோ (இருவரையும் இனி ஆயர் என்றே சொல்கிறேன்) நேரில் சந்தித்து, "நாங்கள் இந்தச் சபையில் சேர விரும்புகிறோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முன்பு இருந்த சபையிலிருந்து மாற்றுக் கடிதமும் ஞானஸ்நானச் சான்றிதழும் கேட்பார்கள். திருமணமாகி வந்திருந்தால் திருமணச் சான்றிதழும் தேவைப்படும். வாக்கப்பட்டு வந்த பெண்கள் பலர், கணவர் வீட்டாரின் பெயர் ஏற்கெனவே பதிவேட்டில் இருப்பதால் தாமும் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். கேட்டுச் சரிபார்ப்பது நல்லது. சந்தா என்றோ கோயில் வரி என்றோ வழங்கும் தொகையை முடிந்த அளவுக்கு ஒழுங்காகக் கொடுங்கள். முடியாத மாதத்தில் வெட்கப்பட்டு ஆராதனைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். தொழில் இல்லாத வீட்டின் நிலைமை ஆயருக்குத் தெரியும், தெரியாவிட்டால் தெரிவிக்கலாம்.

கடல் நாட்காட்டியோடு சபை வாழ்க்கை

ராமேசுவரத்தில் விசைப்படகுகள் சனிக்கிழமை தொழிலுக்குப் போனால் ஞாயிறு காலையில்தான் கரை சேரும். மீனை இறக்கி, விலை பேசி, பங்கு பிரித்துவிட்டு நிமிரும்போது கோயிலில் ஆராதனை முடிந்திருக்கும். இதனால் ஆண்கள் பலர், குற்றம் ஏதும் இல்லாமலேயே, மெல்ல மெல்லச் சபைக்கு வெளியே போய்விடுகிறார்கள். மனைவியும் பிள்ளைகளும் போகிறார்களே என்பது அவர்களுக்குச் சமாதானமாகிவிடுகிறது. எபிரெயர் 10:25 கூடிவருதலை விட்டுவிடாதிருக்கச் சொல்கிறது. அது காலை ஒன்பது மணிக்கே கூட வேண்டும் என்று சொல்லவில்லை. படகில் போகிற நாலைந்து பேர் சேர்ந்து போய், ஞாயிறு மாலையில் ஓர் ஆராதனையோ தொழில் இல்லாத ஒரு வாரநாளில் ஜெபக்கூட்டமோ வைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். தனி ஒருவர் கேட்டால் அது குறையாகக் காதில் விழும். நாலைந்து பேர் கேட்டால் ஏற்பாடு நடக்க வழி உண்டு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர் கரையில் இருக்கிறார்கள். உயிர்த்தெழுதல் பண்டிகையும் அதை ஒட்டியே வருவதால், ஆண்களுக்கான வேதபாட வகுப்புக்கு இதைவிட ஏற்ற காலம் கிடைக்காது. கடன் நெருக்கடியும் குடியும் வீடுகளில் சண்டையும் கூடுகிற காலமும் இதுவே என்பதால், படகு பராமரிப்பு முடிந்த மாலைகளில் ஒன்றாக உட்கார்ந்து ஒரு சுவிசேஷத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பது பல வீடுகளுக்கு உதவும்.

பெண்களுக்கோ வேறு கணக்கு. பாசி எடுக்கிற பெண்கள் நீரேற்றம் வற்றம் பார்த்து, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூழ்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறித்துவிட்டுத் திரும்புகிறவர்கள். அவர்கள் கூடும் வீட்டு ஜெபத்தில், உப்பில் ஊறிச் சுருங்கிய விரலால் ஒருவர் வரிகளைத் தொட்டுத் தொட்டு வாசிக்க, எழுத்தறியாத ஒருவர் அதை அப்படியே திரும்பச் சொல்லி, மறுவாரம் பார்க்காமலே ஒப்புவிப்பார். அன்பியமோ (கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) வீட்டு ஜெபக் குழுவோ எந்தக் கிழமையில் கூடுவது என்பதை இவர்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். பெரிய கோயிலில் நூறு பேருக்கு நடுவே சொல்ல முடியாததைப் பத்துப் பேர் கூடும் இந்தத் திண்ணையில் சொல்லலாம். ஆகவே ஞாயிறு ஆராதனையோடு இதிலும் சேராமல் உங்கள் சபை வாழ்க்கை நிறைவாகாது.

வேலையைக் கையில் எடுப்பது

சேர்ந்த சில மாதங்களுக்குள் ஏதாவது ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: கோயிலைக் கூட்டுவது, பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, அசனத்துக்கு (சபையாரின் பொது விருந்துக்கு) அரிசி சேர்ப்பது என்று எதுவானாலும் சரி. எபேசியர் 4-ஆம் அதிகாரம் சொல்கிறபடி, ஒவ்வோர் உறுப்பும் தன் வேலையைச் செய்யும்போதே உடல் முழுவதும் வளர்கிறது. எல்லாவற்றிலும் அவசரமானது, எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையால் பிடித்துச் செல்லப்பட்ட மீனவர்களின் குடும்பங்களுக்குத் துணைநிற்பது. பெயர் சொல்லி ஜெபிப்பது முதல் கடமை. அதோடு அந்த மனைவியுடன் மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போய்வர ஒருவர், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை விசாரிக்க ஒருவர், வாரம் ஒருமுறை அடுப்படியை எட்டிப் பார்க்க ஒருவர் என்று ஆள் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாரும் முதல் வாரத்தில் போய், மூன்றாம் வாரத்தில் யாருமே போகாதிருக்கும் நிலை அப்போதுதான் வராது.

மனத்தாங்கல் வரும்போது

வரும். திருவிழாக் கமிட்டி, தேர்தல், கணக்கு, பாடகர் குழுவில் யார் முன்னே நிற்பது என்று எதிலாவது வரும். மத்தேயு 18 காட்டும் வழி எளிது: முதலில் அந்த ஆளிடம் தனியாகப் பேசுங்கள், கேட்காவிட்டால் ஒருவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பிறகே சபைக்குச் சொல்லுங்கள். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்து, ஊர் முழுவதும் சொன்ன பிறகு அவரிடம் முகம் கொடுக்காமல் இருக்கிறோம். கோபத்தில் சபை மாறுகிறவர் அதே கோபத்தை அடுத்த சபைக்கும் எடுத்துக்கொண்டுதான் போவார். போதனை வேதத்தை விட்டு விலகிவிட்டது, திரும்பத் திரும்பச் சொல்லியும் திருத்தவில்லை என்ற நிலையில், காரணத்தை ஆயரிடம் நேரில் சொல்லி, மாற்றுக் கடிதம் வாங்கிக்கொண்டு விடைபெறுவது முறை.

ஆனால் ஒரு பிள்ளைக்கோ பெண்ணுக்கோ சபைக்குள் தீங்கு நடந்திருந்தால் இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. பிள்ளையைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுவந்து, காவல் துறைக்கோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ உடனே தெரிவியுங்கள். "சபையின் பெயர் கெட்டுவிடும்" என்று தடுப்பவர் யாராக இருந்தாலும் அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்க வேண்டாம்.

வர முடியாதவர்கள்

வேலைக்காகச் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போகிற இளைஞர்களிடம், போன இடத்தில் ஒரு சபையைத் தேடிச் சேரச் சொல்லி, இங்கிருந்து ஆயரின் கடிதத்தையும் கொடுத்தனுப்புங்கள். நோயாளிகளுக்கும் நடக்க இயலாத முதியோருக்கும் ஒலிபரப்பு ஆராதனை பெரிய உதவி. அது அவர்களுக்கு உரியது. என்றாலும் அதோடு விட்டுவிடாமல், உங்கள் தெருவில் அப்படி யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதி ஆயரிடம் கொடுங்கள். அவர் வீட்டுக்கு வந்து நற்கருணை கொடுக்கிற நாளில் நீங்களும் பக்கத்து வீட்டாரும் கூடவே போய், அந்தக் கட்டிலைச் சுற்றி நின்று பாடுங்கள்.