பக்கத்து வீட்டுக்காரர் செத்துவிடலாமா என்று நினைக்கிறாரா? எப்படிக் கவனிப்பது, எப்படிக் கேட்பது

தற்கொலை என்றாலே நம்ம ஏரியாவில் பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளைத்தான் நினைக்கிறோம். அன்றைக்குப் பிள்ளைகளைத் தனியாக விடக்கூடாது, தோற்றால் துணைத்தேர்வு இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், சரி. ஆனால் 2022இல் இந்தியாவில் தற்கொலையில் இறந்த 1,70,924 பேரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்குள் இருந்தவர்கள், நாலில் ஒருவர் தினக்கூலி. தேர்வுத் தோல்வி என்று பதிவானது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. சம்பாதித்துக் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருக்கிற ஆளை யாரும் கவனிப்பதில்லை, எனக்கு இதுதான் பெரிய கவலை.

அதனால் வயதை மட்டும் பார்க்காமல், இந்த ஆறு மாதத்தில் அவர் வாழ்க்கையில் எதெல்லாம் கைவிட்டுப் போனது என்று பாருங்கள். சென்னை காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வட்டி மட்டும் நிற்காது, குழுக் கடன் தவணைக்கு வீட்டுப் பெண்தான் பதில் சொல்ல வேண்டும், அதோடு குடியும் தூக்கமில்லாத ராத்திரிகளும் சேர்ந்துகொண்டால் ஆபத்து கூடிக்கொண்டே போகிறது. முன்பே ஒருமுறை முயன்றவர் என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். பிள்ளை பெற்றவள் வாரக்கணக்கில் அழுதால் பச்சை உடம்பு அப்படித்தான் என்று விடாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். துணையை இழந்த பெரியவர் "நான் யாருக்கும் பாரமா இருக்கக்கூடாது" என்று சொன்னால் அது வெறும் வயசான பேச்சு இல்லை.

அப்புறம், கேட்பது. நாலு பேர் முன்னால் வேண்டாம், டீ குடிக்கக் கூப்பிடுங்கள். "இன்னாண்ணே, பத்து நாளா ஆளே சரியில்ல, செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஏற்றிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆவதில்லை, பலருக்குக் கேட்க ஒரு ஆள் கிடைத்ததே பெரிய ஆறுதல். கேட்டபிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கள். "புள்ளைங்க முகத்தைப் பாரு" என்று ஆரம்பித்தால், ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் இருப்பவர் அத்தோடு பேச்சை நிறுத்திவிடுவார்.

ஆமாம் என்றாலோ, பதிலே வராமல் கண் கலங்கினாலோ, அன்று ராத்திரி தனியாக விடாதீர்கள். உயிருக்கு ஆபத்தான எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக்கூடாது, எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். மனநல உதவி எண் 14416க்கோ தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104க்கோ பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே போன் போட்டுக் கொடுங்கள். 1986இலிருந்து சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. நிலைமை முற்றினால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைக்காதீர்கள். 2017 மனநலச் சட்டப்படி, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அதற்காகத் தண்டிக்கக்கூடாது.

ரெண்டு நாள் கழித்து, அவர் சிரித்துப் பேசினாலும் மறுபடி போங்கள். கடன் விவகாரம் என்றால் யாருக்கு எவ்வளவு என்று கூடவே உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள், எந்தத் தவணையைத் தள்ளிப்போடக் கேட்கலாம் என்று அப்போதுதான் தெரியும், கேட்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள்.