ஊருக்குப் பணம் அனுப்பும்போது வரியும் கட்டணமும்

சிங்கப்பூரில் ஈட்டிய சம்பளத்தை ஊருக்கு அனுப்புவதற்கு இங்கே தனி வரி கிடையாது. பணத்தைக் குறைப்பவை சேவைக் கட்டணமும் நாணய மாற்று விகிதமுமே. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக் கடைகளில் வரிசையில் நிற்கும்போது, பலகையில் உள்ள கட்டணத்தை மட்டும் பார்க்காமல், “ஆயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தால் வீட்டுக் கணக்கில் எத்தனை ரூபாய் சேரும்?” என்று கேளுங்கள். ஒரு கடை வெள்ளிக்கு 65 ரூபாயும் அடுத்த கடை 64.40 ரூபாயும் தருவதாக வைத்துக்கொண்டால், கட்டணமே இல்லை என்று சொல்லும் இரண்டாவது கடையில் 600 ரூபாய், அதாவது ஒன்பது வெள்ளிக்கு மேல், குறையும்.

வெள்ளியை ரூபாயாக மாற்றுவது இந்திய வங்கி என்றால், அது சரக்கு சேவை வரி பிடிக்கும்: குறைந்தது 45 ரூபாய், மாற்றும் தொகை ஒரு லட்சம் ரூபாயாக இருந்தால் 180 ரூபாய்.

பெற்றோர், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோருக்கு அனுப்பும் தொகைக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. நண்பர் பெயருக்கு அனுப்புவதைத் தவிர்ப்பது நல்லது. அவர் ஓராண்டில் அன்பளிப்பாகப் பெறுவது மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் அவருடைய வருமானமாகிவிடும். மனைவி அந்தப் பணத்தை வைப்புநிதியில் போட்டால், வட்டி கணவருடைய வருமானத்தில் சேர்க்கப்படும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் பெற்ற நிறுவனங்கள் வழியாக மட்டுமே அனுப்புங்கள். ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைச் சரிபார்க்கலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், ஊரில் வரித்துறை கேட்டால் காட்ட வேண்டிய ஆதாரம் அதுவே.